“கண்டறியப்படவில்லை” என்று வந்தால் ஏரி சுத்தமா?

கேள்வி: எங்கள் பகுதி ஏரி சுமார் 50 ஹெக்டேர், சராசரி ஆழம் 2 மீட்டர். விடுமுறை நாட்களில் 300 பேர் வரை குளிக்கிறார்கள். ஒரு மூலையில் ஓடை ஒன்று வந்து சேர்கிறது. அதில் சாக்கடை கலக்கிறது என்ற சந்தேகம் உண்டு. மருந்து எச்சங்களும் சன்ஸ்கிரீன் ரசாயனங்களும் நீரில் கலப்பதை ஆராயும் விஞ்ஞானி ஒருவரின் உரையைக் கேட்ட பிறகு, எங்கள் ஏரிப் பாதுகாப்புக் குழு பணம் திரட்டி நீரைச் சோதனைக்குக் கொடுத்தது. திங்கட்கிழமை காலையில் கரையோரமாக நின்று, காலிக் குடிநீர் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்தோம். ஆய்வகத்தில் சேர்க்க நான்கு நாள் ஆகிவிட்டது. டைக்ளோஃபெனாக் (வலி நிவாரணி), கார்பமசெபின் (வலிப்பு மருந்து), ஆக்ஸிபென்சோன் (சன்ஸ்கிரீன் ரசாயனம்) மூன்றுக்கும் “கண்டறியப்படவில்லை, லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழ்” என்று வந்திருக்கிறது. இன்னொரு சன்ஸ்கிரீன் ரசாயனமான ஆக்டோக்ரிலீன் மட்டும் 3.2 மைக்ரோகிராம். ஏரி சுத்தம் என்று அறிவிக்கலாமா? இல்லை, ஆக்டோக்ரிலீனைக் காட்டிப் புகார் கொடுக்கலாமா? குளிப்பவர்களுக்கு ஆபத்து உண்டா? வீட்டில் நாங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இந்த அறிக்கையை வைத்து இரண்டையும் செய்ய வேண்டாம். ஏரி சுத்தம் என்று சொல்ல அதில் ஆதாரம் இல்லை. ஆக்டோக்ரிலீன் எண்ணும் ஒரு புகாரின் எடையைத் தாங்காது. நீங்கள் தேடும் பொருட்கள் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருப்பவை. ஒரு நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குப் போய்விட்டால் எந்தப் பாட்டில், யாருடைய கை, எந்த நேரம் என்பதெல்லாம் முடிவையே மாற்றிவிடும்.

முதலில் “கண்டறியப்படவில்லை” என்ற வரியை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஏரியின் கொள்ளளவு 50 ஹெக்டேர் × 2 மீட்டர், அதாவது 10 லட்சம் கன மீட்டர். லிட்டரில் சொன்னால் 100 கோடி. இதில் ஒரு கிராம் பொருள் சீராகக் கலந்தால் லிட்டருக்கு 1 நானோகிராம் வரும். இனி 300 பேர் ஆளுக்கு 20 கிராம் சன்ஸ்கிரீன் பூசியிருக்கிறார்கள் என்றும், அதில் 3 சதவீதம் ஆக்ஸிபென்சோன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உடலில் இருப்பது 180 கிராம். அதில் கால் பங்கு நீரில் கழுவிப்போனால் 45 கிராம். ஏரி முழுக்கப் பரவினால் லிட்டருக்கு 45 நானோகிராம். உங்கள் ஆய்வகம் அளக்கக்கூடிய கீழ் எல்லையோ 1,000 நானோகிராம். நீங்கள் பாட்டிலை நீரில் அமிழ்த்துவதற்கு முன்பே அந்த விடை தீர்மானமாகிவிட்டது. இருப்பதைவிட 20 மடங்கு பெரிய கண்ணி கொண்ட வலையை வீசியிருக்கிறீர்கள்.

மருந்துகளுக்கும் இதே கதைதான். டைக்ளோஃபெனாக்குக்கு ஸ்விட்சர்லாந்து 2020-இல் தன் நீர்ப் பாதுகாப்பு விதிகளில் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம், அதாவது 50 நானோகிராம். உங்கள் ஏரியில் அதைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் இந்த அறிக்கை “கண்டறியப்படவில்லை” என்றே சொல்லும். கருத்தடை மாத்திரையில் உள்ள எதினைல் எஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன் இன்னும் கடுமையானது. கனடாவின் பரிசோதனை ஏரிகளில் 260-ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைகாலங்களில் அதை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் மட்டும் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களில் பெண் தன்மை தோன்றியது. அங்கிருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் அடியோடு அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. நீரில் இவ்வளவு சிறிய எண்ணுக்கு இவ்வளவு பெரிய விளைவு இருக்கலாம் என்பதால்தான் எல்லையைக் கேட்காமல் காசோலை எழுதக் கூடாது என்கிறேன்.

ஆகவே ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அளவிடும் எல்லை என்ன? ஒரு சில நானோகிராம் முதல் 10 நானோகிராம் வரை என்றால் பெரும்பாலான மருந்துகளுக்குப் போதும், ஹார்மோன்களுக்குப் போதாது. கருவி எது? புற ஊதா ஒளியை வைத்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி இந்த வேலைக்கு உதவாது, மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் வேண்டும். நீரை அப்படியே கருவியில் செலுத்துகிறார்களா, செறிவூட்டுகிறார்களா? வழக்கமான முறையில் 500 மி.லி. நீரை கரைந்த பொருட்களைப் பிடித்துவைக்கும் ஹெச்எல்பி வகை கேட்ரிட்ஜ் வழியாக நிமிடத்துக்கு 5 முதல் 10 மி.லி. வேகத்தில் இழுத்து, பிடிபட்டதை மெத்தனாலால் இறக்கி, நைட்ரஜன் ஓட்டத்தில் வற்றவைத்து, 1 மி.லி.யில் எடுப்பார்கள். இழப்பு இல்லை என்றால் செறிவு 500 மடங்கு கூடும். இழப்பு உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி: பிரித்தெடுக்கும் முன்பே ஐசோடோப்பால் அடையாளமிட்ட உள்தரப் பொருளை (தேடும் பொருளின் அடையாளம் வைத்த நகலை) தெரிந்த அளவில் சேர்க்கிறார்களா, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்ற மீட்பு விகிதம் எவ்வளவு? 70 முதல் 120 சதவீதம் என்றால் நம்பலாம். ஏரி நீரில் இருக்கும் இலைச்சாறு, பாசிக் கழிவு போன்ற கரிமப் பொருட்கள் கருவிக்குள் சமிக்ஞையை அமுக்கிவிடும். அடையாளமிட்ட பொருள் கூடவே ஓடினால் அந்த அமுக்கம் தெரிந்துவிடும். ஓடாவிட்டால் உண்மையில் இருப்பதும் இல்லை என்று வரும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளையும் தேடினால், பிரித்தெடுக்கும் முன் ஈடிடிஏ உப்பு சேர்ப்பார்களா என்று கேளுங்கள். நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு அவை பிணைந்துகொண்டு கேட்ரிட்ஜில் சரியாகப் பிடிபடாமல் போகும்.

இப்போது அந்த 3.2 மைக்ரோகிராம். இதை ஒரு கணக்கால் சோதிக்கலாம். ஏரி முழுவதும் அந்தச் செறிவு என்றால் மொத்தம் 3.2 கிலோ ஆக்டோக்ரிலீன் நீரில் இருக்க வேண்டும். 10 சதவீதம் ஆக்டோக்ரிலீன் உள்ள கிரீம் என்றால் 32 கிலோ கிரீம் முழுதாகக் கரைந்திருக்க வேண்டும். கால் பங்குதான் கழுவிப்போகும் என்றால் 128 கிலோ பூசியிருக்க வேண்டும். ஆளுக்கு 20 கிராம் வீதம் 6,400 பேர். உங்கள் ஏரிக்கு அது பொருந்தாது. ஆகவே அந்த எண் ஏரியின் சராசரி அல்ல. குளிக்கும் கரையோரத்தில் மட்டும் நின்ற செறிவாக இருக்கலாம். மேற்பரப்பில் மிதந்த எண்ணெய்ப் படலம் பாட்டிலுக்குள் வந்ததாக இருக்கலாம். பாட்டிலைப் பிடித்தவர் கையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

கடைசிக் காரணத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லிட்டரில் 3.2 மைக்ரோகிராம் வர 32 மைக்ரோகிராம் கிரீம் போதும். விரல் நுனி நீளத்துக்குப் பிதுக்கும் கிரீம் அரை கிராம்; அதில் பதினையாயிரத்தில் ஒரு பங்குதான் இது. முகத்தில் பூசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தால்கூட அவ்வளவு ஒட்டியிருக்கும். எதிர்ப் பக்கமும் உண்டு: ஆக்டோக்ரிலீன் நீரை வெறுத்துக் கொழுப்பிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும் பொருள். நான்கு நாள் பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்ததில் ஒரு பகுதி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கூடவும் மறு பக்கம் குறையவும் வாய்ப்புள்ள எண்ணைத் திருத்த வழி கிடையாது. திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

எடுக்கும் விதத்தை விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் வீணாகின்றன.

ஒரு லிட்டர் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். மூடியின் உட்புறம் டெஃப்லான் படலம். வாசனையில்லாத சோப்புநீரில் கழுவி, குழாய்நீர், வடிநீர், கடைசியில் ஹெச்பிஎல்சி தர மெத்தனாலால் அலசிக் காயவைக்க வேண்டும். ஆய்வகத்தில் உலை இருந்தால் மூடியை எடுத்துவிட்டு 450 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சுட்டுத் தருவார்கள்; அது இன்னும் நல்லது. வாயை அலுமினியத் தாளால் மூடிக் கொண்டுபோங்கள். மாதிரி எடுப்பவர் முதல் நாளிலிருந்தே சன்ஸ்கிரீன், கிரீம், வாசனைத் திரவியம், வலி நிவாரண ஜெல் எதையும் தொடக் கூடாது. வெயிலுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, ஒவ்வோர் இடத்துக்கும் புது ஜோடி. பட்டியலில் கஃபீன் இருந்தால் அன்று காப்பி, டீ டம்ளரைப் படகில் வைக்காதீர்கள்.

மூடிய பாட்டிலை 30 செ.மீ. ஆழத்துக்குக் கொண்டுபோய் அங்கே திறந்து நிரப்பி அங்கேயே மூடுங்கள். மேற்பரப்புப் படலம் உள்ளே வராமலிருக்க இதுதான் வழி. நீரோட்டம் இருந்தால் வாய் அதற்கு எதிராக இருக்கட்டும். நீங்கள் கலக்கிய சேறு பாட்டிலுக்குப் பின்னால் போகும். எடுத்தவுடன் ஐஸ் பெட்டி, இருட்டு, 4 டிகிரி. டைக்ளோஃபெனாக் வெயிலில் விரைவாகச் சிதையும். பாசியும் பாக்டீரியாவும் இருக்கும் நீரில் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், கஃபீன் எல்லாம் நாள்கணக்கில் குறைந்துகொண்டே போகும். உங்கள் நான்கு நாள் தாமதம் இந்தப் பொருட்களைப் பெரிதும் பாதித்திருக்கும். 48 மணி நேரத்துக்குள் பிரித்தெடுப்பு தொடங்கியாக வேண்டும், 24 என்றால் நிம்மதி. முடியாது என்றால் நீரை உறையவைப்பதைவிட, அருகிலுள்ள கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கேட்ரிட்ஜில் ஏற்றி, உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைத்து அனுப்புவது மேல்.

வடிகட்டும் விஷயத்தில் மருந்தும் சன்ஸ்கிரீனும் இரண்டு வழியில் போகின்றன. மருந்துகளுக்கு 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டலாம். ஆக்டோக்ரிலீன் வடிதாளிலும் மிதக்கும் துகள்களிலும் தங்கிவிடும். அதற்குத் தனிப் பாட்டில் வைத்து வடிகட்டாமல் கொடுங்கள். பாட்டில் காலியானதும் 5 மி.லி. மெத்தனாலால் உட்சுவரை அலசி அதையும் பிரித்தெடுத்த சாற்றோடு சேர்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஆக்டோக்ரிலீனுக்கு நீரைவிட வண்டலைச் சோதிப்பது பயன் தரும். குளிக்கும் துறையில் அடிச்சேற்றின் மேல் 2 செ.மீ.யை எஃகுக் கரண்டியால் நான்கைந்து இடத்தில் எடுத்து ஒரே கண்ணாடி ஜாடியில் கலந்துகொள்ளுங்கள். நீர் அந்த நேரத்தை மட்டும் சொல்லும். சேறு அந்தப் பருவத்தையே சொல்லும்.

எப்போது எடுப்பது? திங்கட்கிழமை காலை என்பது சன்ஸ்கிரீனுக்கு மோசமான நேரம்: ஞாயிறு கூட்டம் போய் ஓர் இரவு முழுக்கக் கலந்து, படிந்து, குறைந்த பிறகு எடுத்திருக்கிறீர்கள். விடுமுறை நாளில் பிற்பகல் 3 மணி வாக்கில் ஒன்று, மறுநாள் விடியலில் அதே இடத்தில் ஒன்று எடுத்தால் எவ்வளவு வருகிறது, எவ்வளவு தங்குகிறது இரண்டும் தெரியும். மருந்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது ஓடை வழியாக வருகிறது, தினமும் வருகிறது. மழையில்லாத, ஓடை மெலிந்திருக்கும் நாளில் செறிவு அதிகம்.

ஓடைக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். கையடக்க மின்கடத்துதிறன் மீட்டரோடு ஏரிக்கரையிலும் ஓடையின் மேல்பக்கமும் 25 மீட்டருக்கு ஒரு முறை அளந்துகொண்டே நடங்கள். எண் திடீரென ஏறும் இடத்தில் ஏதோ வந்து சேர்கிறது. அங்கே அம்மோனியா கிட்டில் பாருங்கள், ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மாதிரி கொடுங்கள். இந்த மூன்றும் சாக்கடை என்று சொன்னால் மருந்துகள் அதில் இருப்பது அநேகமாக உறுதி. எல்சி-எம்எஸ்/எம்எஸ் செலவை அந்த இடத்துக்கு மட்டும் ஒதுக்கலாம்.

அங்கே கார்பமசெபினையும் கஃபீனையும் சேர்த்துக் கேளுங்கள். கார்பமசெபின் வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் ஏறக்குறைய குறையாமலே வெளியே வரும். நீரில் மாதக்கணக்கில் நிற்கும். கஃபீன் நல்ல சுத்திகரிப்பில் பெரும்பகுதி அழிந்துவிடும். இரண்டும் அதிகம் என்றால் சுத்திகரிக்காத சாக்கடை நேராக வருகிறது. கார்பமசெபின் இருந்து கஃபீன் சொற்பம் என்றால் சுத்திகரித்த நீர்தான் வருகிறது. யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதை இந்த ஒரு வேறுபாடு முடிவு செய்யும். ஓடையின் மேல்பக்கம் மருந்து உற்பத்தி ஆலை இருந்தால் கணக்கே வேறு: ஹைதராபாத் அருகே படான்செருவில் மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. மில்லிகிராம் என்பதைக் கவனியுங்கள். வீட்டுச் சாக்கடையால் அந்த எண் வராது.

விடை வந்த பிறகு இரண்டு விதிகள். வெற்று மாதிரியில் (ஏரி நீருக்குப் பதில் தூய நீரை வைத்து அதே விதமாகக் கையாண்ட பாட்டிலில்) ஏதாவது தெரிந்தால், ஏரி மாதிரியின் எண் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இல்லாதவரை “இருக்கிறது” என்று சொல்லாதீர்கள்; கழித்துப் பார்த்து மிச்சத்தை அறிவிப்பதும் சரியல்ல. அடுத்து, அளந்த செறிவை அந்தப் பொருளுக்கு உயிரினங்கள் பாதிக்கப்படாது என்று நிர்ணயித்த செறிவால் வகுங்கள். 1-க்கு மேல் என்றால் நடவடிக்கை கேட்கலாம், 0.1-க்கும் 1-க்கும் இடையில் என்றால் தொடர்ந்து அளக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் 80 நானோகிராம் வந்து, ஸ்விட்சர்லாந்தின் 50-ஐ அளவுகோலாக வைத்தால் விகிதம் 1.6. புகார்க் கடிதத்தில் வெறும் 80-ஐவிட இந்த விகிதம் அழுத்தமாகப் பேசும்.

குளிப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தப் பொருட்களால் அவர்களுக்கு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். டைக்ளோஃபெனாக் உங்கள் ஆய்வக எல்லையான 1 மைக்ரோகிராம் அளவுக்கே இருந்து, ஒருவர் தினமும் 2 லிட்டர் குடித்தாலும், 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றின் அளவு உடலில் சேர 25,000 நாள் ஆகும்; 68 ஆண்டுகள். மீனுக்கு அந்த வசதி இல்லை. அது அதே நீரில் பிறந்து, செவுள் வழியாக ஓயாமல் அதையே இழுத்துக்கொண்டிருக்கிறது. ரெயின்போ டிரவுட் மீன்களில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமில் சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. குளிப்பவர்களுக்கு உண்மையான அபாயம் சாக்கடைக் கிருமி. ஐரோப்பிய ஒன்றியம் உள்நாட்டு நீர்நிலைகளில் “நல்லது” என்று தரப்படுத்த வைத்த வரம்பு 100 மி.லி.யில் 1,000 ஈ.கோலை. அந்தச் சோதனையை முதலில் செய்து, மீறினால் உடனே அறிவிப்புப் பலகை வையுங்கள். மருந்து முடிவுக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சன்ஸ்கிரீன் பவளப்பாறைகளைப் பாதிக்கிறது என்ற செய்திகளை உங்கள் ஏரிக்கு அப்படியே பொருத்த வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹவாய் 2018-இல் சட்டம் இயற்றி 2021 முதல் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை நிறுத்தியது கடலோரப் பவளங்களுக்காக. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், பவளங்களின் உறவினமான கடல் அனிமோன்கள் ஆக்ஸிபென்சோனோடு சர்க்கரையை இணைத்து மாற்றுவதும், அந்த மாற்றுப்பொருள் ஒளியில் நச்சாவதும் தெரியவந்தது. அது முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் கடலில் வழக்கமாக அளக்கப்படுவதைவிட மிக உயர்ந்த செறிவில் செய்தது. நன்னீர் ஏரியில் நீங்கள் பார்க்க வேண்டியது பாசி, நீர்ப்பூச்சி, மீன்.

வீட்டு விஷயம். சன்ஸ்கிரீனை நிறுத்தாதீர்கள், தோல் புற்றுநோய் உண்மையான நோய். பூசும் பரப்பைக் குறைக்கலாம். உடற்பகுதியும் இரு கைகளும் சேர்ந்து உடல் பரப்பில் பாதிக்குச் சற்று மேல். நீச்சலுக்கான முழுக்கைச் சட்டை போட்டால் அவ்வளவு கிரீம் மிச்சம். பூசியதும் தண்ணீரில் இறங்காமல் 15, 20 நிமிடம் விடுங்கள். “ரீஃப் சேஃப்” (பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது) என்ற வாசகத்துக்குச் சட்டப்படியான வரையறை இல்லை. பின்பக்கப் பொருள் பட்டியலைப் படியுங்கள். துத்தநாக ஆக்சைடு கிரீமுக்கு மாறுவது முழு விடை ஆகாது, கரையும் துத்தநாகம் பாசிக்கு நஞ்சு. ஆக்டோக்ரிலீன் உள்ள பழைய கிரீமை அடுத்த ஆண்டுக்கு வைக்காதீர்கள்: வைத்திருக்கும்போது அதில் பென்சோஃபீனோன் என்ற தீங்கான பொருள் கூடுவதை 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது.

மருந்தில் பெரும்பகுதி நோயாளியின் உடல் வழியாகவே சாக்கடைக்குப் போகிறது. அதைத் தடுக்கச் சொல்ல முடியாது, அது சுத்திகரிப்பு நிலையத்தில் ஓசோனும் தூள் கரியும் செய்ய வேண்டிய வேலை. உங்கள் கையில் இருப்பவை இரண்டு. மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் போடாமல், திரும்பப் பெறும் ஏற்பாடு இருக்கும் இடத்தில் கொடுங்கள். வலி நிவாரண ஜெல்லில் இன்னும் எளிதாகச் செய்யலாம்: டைக்ளோஃபெனாக் ஜெல்லில் உடலுக்குள் போவது மாத்திரையோடு ஒப்பிட்டால் 6 சதவீதம் அளவுதான். மீதி கையிலும் தோலிலும் துணியிலும் இருந்து கழுவும்போது சாக்கடைக்குப் போகிறது. பூசிய கையைக் கழுவும் முன் காகிதத்தால் நன்றாகத் துடைத்து, காகிதத்தைக் குப்பையில் போடுங்கள். வலி ஜெல்லைக் குளித்துவிட்டுப் பூசுங்கள், பூசிவிட்டுக் குளிக்காதீர்கள். கரையில் ஒரு பலகை வைக்கிறீர்கள் என்றால் இந்த வரியை அதில் எழுதலாம்.

அடுத்த சுற்றுக்கு நான்கு பாட்டிலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இப்படிப் பிரியுங்கள்: மழையில்லாத நாளில் ஓடை ஏரியில் சேரும் இடத்தில் ஒன்று; விடுமுறை பிற்பகலில் குளிக்கும் துறையில் ஒன்று; மறுநாள் விடியலில் அதே துறையில் ஒன்று; நான்காவது, ஆய்வகம் தந்த தூய நீரைப் படகில் மற்றவற்றோடு கொண்டுபோய், அதே கையால் அதே நேரம் திறந்துவைத்து மூடிய வெற்று மாதிரி. செலவைக் குறைக்க யாராவது அந்த நான்காவதை வெட்டச் சொன்னால், விடியல் பாட்டிலை வெட்டிவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள்.